பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது

பிச்சையம்மாள் அத்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அத்தை மேல் இல்லை. அவள் செய்தது எல்லாம் பாசத்தில் செய்தது. பாசத்தில் செய்து இப்படி ஆயிற்றே என்பதுதான் கோபம்.

அவள் என் அப்பாவுக்கு அக்கா. நயினார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மாமா நாகநாதன் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன் மகன். உரிமைப் பெண், உரிமை மாப்பிள்ளை, யாரும் யாரையும் கேட்க வேண்டியிராத கல்யாணம். நெல்லும் மிளகாயும் போடுகிற நிலம், உழவு மாடு, ஓட்டு வீடு என்று ஊரில் நாலு பேர் மதிக்கிற சம்சாரிக் குடும்பம். மூன்றும் பெண்கள்: மீனம்மாள், இராமலட்சுமி, முருகேஸ்வரி. ஆண் வாரிசு இல்லையே என்று யாராவது உச்சுக் கொட்டினால், "கொள்ளி வைக்கிறதுக்கு இப்பவே என்ன அவசரம், நான் இன்னும் சாகலையே" என்று அத்தை வாயை அடைத்துவிடுவாள். வாய்த்துடுக்கு எங்கள் குடும்பச் சொத்து. எனக்கும் ஒரு பங்கு வந்திருக்கிறது.

அந்த வாய் ஒரு விஷயத்தில் மட்டும் அழும். தான் பிள்ளை பெற்ற கதையைச் சொல்லும்போது. அத்தை பிள்ளை பெற்ற காலத்தில் அவளுக்கு ஆத்தாளும் இல்லை, மாமியாரும் இல்லை. மழை பொய்த்த வருஷங்கள். மீனம்மாளைப் பெற்ற மூன்றாம் நாளே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். இராமலட்சுமி பிறந்தபோது களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது, அள்ள ஆள் இல்லை. முருகேஸ்வரிக்கு அந்த மூன்று நாள்கூட இல்லை, குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நேரே கண்மாய்க்குக் குடத்தோடு போனாள். தாகம் எடுத்தால் செம்போடு குடித்தாள், குடிக்காதே என்று சொல்ல யாரும் இல்லை. "பச்சை ஒடம்போட நான் பட்ட பாடு நாய் படாது. எம் பிள்ளைகளை அப்படி விட மாட்டேன். கட்டில்ல வச்சுத் தாங்குவேன்" என்பாள். பிள்ளை பெற்ற பெண்ணைப் பச்சை உடம்புக்காரி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆறாத புண் மாதிரி அந்த உடம்பு, காற்றுப் படக்கூடாது, தண்ணீர் ஆகாது, அசையக்கூடாது. இதையெல்லாம் முறையாகச் செய்வதற்கு வசதி வேண்டும். கூலி வேலைக்குப் போகிற பெண்கள் நாலாம் நாள் நடவுக்குப் போய்விடுவார்கள். அவர்களைப் பார்த்துச் சம்சாரி வீட்டுப் பெண்கள் பாவப்படுவார்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும், மீனம்மாள் தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வந்தாள். அத்தை தான் சொன்னபடியே கட்டிலில் வைத்துத் தாங்கினாள். சுகப்பிரசவம், ஆண் குழந்தை. பெரியபட்டினத்திலிருந்து சைக்கிளில் வருகிற சீனி முகம்மது பாயிடம், தாய்ப்பால் ஊறுவதற்குப் பால்சுறாக் கருவாடு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்துக் கருப்பட்டியில் கிண்டிய மருந்து பானை நிறைய இருந்தது. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினாள். வயிற்றைப் பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டினாள். ஒரு காலின் மேல் மறுகாலைப் பின்னிப் போட்டு, அப்படியே படுத்திரு என்றாள். தண்ணீர் என்று கேட்டால் கொதித்து ஆறிய வெந்நீரில் ஒரு மடக்கு. அதற்குமேல் கேட்டால், "வயிறு வச்சுக்கிரும் ஆத்தா, ஜன்னி கண்டுரும்" என்று தலையைத் தடவிக் கொடுப்பாள். மீனம்மாள் ரொம்ப சாது. சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

கொஞ்ச நாளில் அவளுடைய இடது கால் வீங்கியது. தொடையிலிருந்து பாதம் வரை வெளுத்துப் போனது, தொட்டால் கத்தினாள். மருத்துவச்சி வந்து விரலால் அமுக்கிப் பார்த்து, நீர் கோத்திருக்கிறது என்றாள். நீர் கோத்தால் என்ன செய்வது? இருக்கிற நீரையும் நிறுத்துவது. அந்த ஒரு மடக்கு வெந்நீரும் நின்றது. ஒரு நாள் காலையில் தலைக்கு ஊற்றுவதற்காக மீனம்மாளை முதல்முறையாக எழுப்பி உட்கார வைத்தார்கள். எழுந்து நின்றாள், ஓர் எட்டு வைத்தாள். "ஆத்தா, நெஞ்சு அடைக்குது" என்றாள். விழுந்தவளுக்கு மறுபடி மூச்சு வரவில்லை.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். துக்கத்துக்குப் போனபோது அத்தை அழவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம், "நல்லாத்தான இருந்தா, நல்லாத்தான வச்சிருந்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் கூடிப் பேசி ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள். படுத்திருந்தவரைக்கும் நன்றாக இருந்தவள் எழுந்ததும் செத்தாள். ஆகவே சீக்கிரம் எழுப்பியதுதான் குற்றம். கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிற தீர்ப்பு, யார் மறுக்க முடியும்? அத்தை அதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டாள்.

அடுத்து இராமலட்சுமி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஊரே யோசனை சொன்னது. மழைக்குப் பஞ்சம் வந்தாலும் எங்கள் பக்கத்தில் யோசனைக்குப் பஞ்சம் வந்ததில்லை. குழந்தை பிறந்ததும் அத்தை அவளை எழவே விடவில்லை. வெளிக்குப் போவதற்குக்கூடச் சட்டி வைத்து எடுத்தாள். தண்ணீரை ஆரம்பத்திலிருந்தே கண்ணில் காட்டவில்லை, நாக்கு வறண்டால் துணியை நனைத்து உதட்டைத் துடைத்தாள். கால்களைப் பின்னி, மேலே ஒரு துண்டால் லேசாகக் கட்டியும் வைத்தாள், தூக்கத்தில் பிரிந்துவிடக்கூடாதாம். ராத்திரி பகல் பக்கத்திலேயே கிடந்தாள். ஒரு தாய் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் காலும் வீங்கியது. இராமலட்சுமி எழுந்து நிற்கக்கூட இல்லை. ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று ஆத்தாளின் கையைப் பிடித்தாள். "நெஞ்சு அடைக்குதுத்தா." அவ்வளவுதான்.

இந்தமுறை எனக்குத் துக்கத்தைவிடத் திகைப்புத்தான் அதிகம். அக்கா போன மாதிரியே தங்கை, அதே வார்த்தை, அதே கட்டில். ஊருக்கு இனி தீர்ப்பு வேறு மாதிரி சொல்லியாக வேண்டும். பிச்சையம்மாள் வயிற்றில் பிறந்தது பிள்ளை பெற்றால் தங்காது என்றார்கள். யாரோ பழைய சாபம் என்றார்கள், யாரோ கண்மாய்க்கரைப் புளியமரம் என்றார்கள். பேரன்கள் இருவரும் பிழைத்துத் தகப்பன் வீடுகளில் வளர்ந்தார்கள். அத்தை கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். எங்காவது வயிற்றுப்பிள்ளைக்காரி எதிரே வந்தால் தானே ஒதுங்கி வேலியோரம் நின்றுகொள்வாள். அந்த வாய் முற்றிலும் அடங்கிவிட்டது.

மிச்சம் இருந்தவள் முருகேஸ்வரி. அவளைக் கேட்டு யாரும் வரவில்லை, கடைசியில் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கிற அக்காள்மடத்திலிருந்து ராக்கு வந்தாள். கொஞ்சம் தென்னை வைத்திருந்த விதவை, ஒரே மகன். ஊர்ப்பேச்சு பாம்பன் தாண்டிப் போகவில்லையோ, போயும் அவள் சட்டை செய்யவில்லையோ, தெரியாது. நல்ல மனுஷி. "பிள்ளை குணம் நல்லா இருக்கு, அது போதும்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள்.

முருகேஸ்வரிக்கு மாதம் ஐந்து ஓடிக்கொண்டிருந்தபோது நாகநாதன் மாமாவின் வண்டி வரப்பில் குடை சாய்ந்து கால் முறிந்தது. மாமா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. விடியுமுன் வயலுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். அப்படிப்பட்டவரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, வைத்தியர் ஆடாமல் அசையாமல் படுக்கச் சொன்னார். வாரக்கணக்கில் கிடந்தார். கட்டுப் பிரித்த அன்று எலும்பு நன்றாகத்தான் கூடியிருந்தது, ஆனால் கால் யானைக்கால் போல இருந்தது. பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். மாமா நெஞ்சில் கை வைத்தார். "ஏத்தா, நெஞ்சு அடைக்குது" என்றார்.

அந்த வார்த்தையை அந்த வீட்டில் அத்தை மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள். இம்முறை சொன்னது பிள்ளை பெற்ற பெண் இல்லை, மீசை வைத்த ஆம்பிளை. மருத்துவச்சியையும் கூப்பிடவில்லை, பூசாரியையும் கூப்பிடவில்லை. இருந்த வண்டியைப் பூட்டச் சொல்லி, மாமாவைப் படுக்க வைத்து, தானும் ஏறிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு வந்துவிட்டாள். நான் அப்போது அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். வார்டு வாசலில் அத்தையைப் பார்த்ததும் மாமா போய்விட்டார் என்றே நினைத்தேன்.

போகவில்லை. மதுரையிலிருந்து ஊசி மருந்து வரவழைத்துப் போட்டார்கள், உயிர் தங்கியது. ஆபத்து நீங்கிய பிறகு டாக்டரம்மா அத்தையை அறைக்குள் கூப்பிட்டு விளக்கம் சொன்னார். நான் கதவருகில் நின்றிருந்தேன்.

"ரொம்ப நாள் அசையாமக் கிடந்ததால கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாயிடுச்சும்மா. எழுந்து நின்னதும் அதுல ஒரு துண்டு பிரிஞ்சு நெஞ்சுக்குப் போயிருக்கு. சின்னத் துண்டுங்கிறதால பிழைச்சார்."

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு கேட்டாள். "பெரிய துண்டா இருந்தா?"

"உடனே உயிர் போயிடும்."

"எம் மகளுக ரெண்டு பேரும் இப்படித்தான் டாக்டரம்மா போனாக. நெஞ்சு அடைக்குதுன்னு ஒரு சொல்லு. அம்புட்டுத்தான்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தை மறைக்காமல் சொன்னாள். கால் வீங்கியதா? வீங்கியது, வெள்ளை வெளேரென்று இருந்தது. படுத்தே இருந்தார்களா? ஆமாம், எழவே விடவில்லை. கால்? பின்னிப் போட்டிருந்தது. வயிறு? இறுக்கிக் கட்டியிருந்தது. இதையெல்லாம் சொல்லும்போது அத்தை குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேனே என்கிற பெருமை. பாடத்தில் படித்தவள் நான், கேள்விகள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"தண்ணி குடுத்தீங்களா?"

"பச்சை ஒடம்புக்கு எப்படிக் குடுக்குறது? அதுலயும் காலுல நீர் கோத்துக் கிடக்கு. நெஞ்சைக் கல்லாக்கிட்டுத்தான் குடுக்காம இருந்தேன்."

"அது நீர் இல்லம்மா. ரத்தம். உள்ள உறைஞ்சு நின்ன ரத்தம். உடம்பு வத்தினா இன்னும் சீக்கிரம் உறையும்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா மெதுவாகப் பேசினார். படுத்திருக்கிற எல்லாருக்கும் இப்படி வருவதில்லை, ஒரே வீட்டில் மூன்று பேருக்கு என்றால் அந்த ரத்தத்திலேயே சீக்கிரம் உறைகிற குணம் இருக்க வேண்டும் என்றார். சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டார். "எங்க ஆத்தாவும் இவுக அய்யாவும் கூடப் பொறந்தவுக" என்றாள் அத்தை. இதைப் பற்றிப் புத்தகத்தில் இன்னும் தெளிவாக எழுதவில்லை, ஆனால் குடும்பத்தில் ஓடுகிற விஷயமாகத்தான் படுகிறது என்றார் டாக்டரம்மா.

அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள். முங்குகிறவள் பிடிக்கிற பிடி அது. "அப்ப ரத்தமே அப்படித்தான. நான் எப்படிப் பாத்திருந்தாலும் அதுக போயிருக்கும்தான?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை.

"அந்த ரத்தம் உங்களுக்கும் இருக்கலாம்மா. இவருக்கும் பிறந்ததுலேருந்தே இருந்திருக்கும். இவ்வளவு வயசு வரைக்கும் உழுதார், நடந்தார், ஒண்ணும் ஆகலையே. நீங்களும் மூணு பெத்திருக்கீங்க. நீங்க எப்படி இருந்தீங்க?"

"எனக்கு யாரு இருந்தா? மூணா நாளே எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டி, கண்மாய்க்குப் போயி, தவிச்சப்பல்லாம் செம்பு செம்பாக் குடிச்சு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

வாழ்நாளெல்லாம் குறையாகச் சொல்லி அழுத கதை அது. அந்தக் கதைதான் அவளை உயிரோடு வைத்திருந்தது என்பது அந்த அறையில் வைத்து அவளுக்குப் புரிந்தது. அவள் முகத்தை நான் அதற்குப் பிறகு எத்தனையோ மரணங்களில் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு முகத்தை வார்டில்கூடப் பார்த்ததில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அத்தை அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள். "இன்னும் ஒருத்தி இருக்கா. ஏழு மாசம்."

டாக்டரம்மா சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன்: பிள்ளை பிறந்த மறுநாளே நடக்க வேண்டும், கால்களைப் பின்னக்கூடாது, வயிற்றை இறுக்கக்கூடாது, கேட்கிற தண்ணீரைக் கொடுக்க வேண்டும், ஒரு கால் வீங்கினால் எதையும் செய்யாமல் நேரே இங்கே கொண்டுவர வேண்டும்.

வராந்தாவுக்கு வந்ததும் அத்தை என் கையைப் பிடித்தாள். "உள்ள கேட்டதை உள்ளயே வச்சுக்க. டாக்டரு நடக்கச் சொன்னாகன்னு மட்டும் முருகேஸ்வரிட்டச் சொல்லு. அக்காமாரு எதுனால போனாகன்னு சொல்லாத."

"ஏன் அயித்தை? நீங்களா தெரிஞ்சு செஞ்சீக?"

"ஆத்தா கையாலதான் போனாகன்னு தெரிஞ்சா, அவ இந்தக் கையால ஒரு வாய்ச் சோறு திம்பாளா?"

நான் முருகேஸ்வரியிடம் அத்தை சொன்னபடி மட்டுமே சொன்னேன்.

முருகேஸ்வரி தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வந்தாள். பிறந்தது பெண் குழந்தை. மறுநாள் விடிந்ததும் அத்தை அவள் கையைப் பிடித்து எழுப்பி முற்றத்தில் நடக்க விட்டாள். தலைமாட்டில் பானைத் தண்ணீர், பக்கத்தில் டம்ளர். மருத்துவச்சி கோபித்துக்கொண்டு போனவள் கூலி வாங்கக்கூட வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, மகளைக் கொல்லுகிறாளே இந்த ஆத்தா என்று சொல்லி வேடிக்கை பார்த்தார்கள். முதல் இரண்டுக்கும் யாரும் அப்படிச் சொல்லவில்லை, கவனியுங்கள்.

குழந்தையைப் பார்க்க வந்த ராக்கு, முற்றத்தில் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த மருமகளைக் கண்டு மூட்டை முடிச்சோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன சம்மந்தி இது? ரெண்டு பேரை வாரிக் குடுத்தீக. இவளையாச்சும் படுக்க வச்சுக் காப்பாத்த வேணாமா?"

"டாக்டரு சொன்னாக சம்மந்தி."

"டாக்டரா பெத்தாரு? நீங்கதான பெத்தீக?"

அத்தை மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு நாலு பதில் வைத்திருந்திருப்பாள். ராக்கு போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, மகள் வாசல் பக்கம் நடக்கிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நின்றால் எழுந்து போய்ப் பார்ப்பாள். இந்த மகளும் போய்விட்டால் ஊர் சொல்கிற பெயர் நிஜமாகிவிடும், அதுவும் அவளுக்குத் தெரியும். கால் வீங்கவில்லை. நாள் ஓடியது. பிள்ளையும் தாயும் தீவுக்குத் திரும்பினார்கள்.

உயிர் பிழைத்தவளுக்கு நன்றி இருக்கும் என்று நினைப்பீர்கள். முருகேஸ்வரிக்கு ஆங்காரம்தான் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது இரண்டு அக்காமாரும் கட்டிலில் கிடக்க ஆத்தா காலடியில் கிடந்து பணிவிடை செய்ததைப் பார்த்தவள். தன் முறை வந்தபோது முற்றத்தில் விரட்டிவிட்டாள் என்று அவளுக்குக் கணக்கு. "ஆத்தாவுக்கு மூத்தவுக மேலதான் உசுரு. அவுக போனதும் அந்த ஆசையும் போயிருச்சு. நான் மிச்சம்" என்று என்னிடமே சொன்னாள். நான் டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னேன். "டாக்டருக்கு ஆயிரம் பேரு மதினி. ஆத்தாவுக்கு நான் ஒருத்திதான" என்றாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, பிற்காலத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் சில புரதங்கள் அதை உறைய வைக்கின்றன. வேறு சில, போதும் என்று அதைத் தடுத்து நிறுத்துகின்றன. தடுத்து நிறுத்துகிற புரதம் சில குடும்பங்களில் பிறவியிலேயே குறைவு, பெற்றவர் வழியாக வருகிறது. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் எல்லாப் பெண்களுக்குமே உறைய வைக்கிற புரதங்கள் கூடும், காயம் அடைபட வேண்டுமே. அதன்மேல் அசையாத படுக்கையும் தண்ணீர் வற்றிய உடம்பும் சேர்ந்தால் தடுக்க ஆள் இல்லை. ரத்தம் மட்டும் என்றால் ஒருவேளை ஆயுசு முழுக்க ஓடியிருக்கும். படுக்கை மட்டும் என்றால் பெரும்பாலோர் தப்பித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. அவர்கள் ரத்தத்தை யாரும் சோதித்ததில்லை, அதனால் இதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. எனக்கும் அந்த ரத்தம் இருக்கலாம். ஆயுசில் பாதியை வார்டில் நின்றே கழித்தவள், உட்கார யாரும் விட்டதில்லை.

முருகேஸ்வரி இரண்டாவது உண்டானாள். அறுபதாம் வருஷம் பிறந்திருந்தது. தாய்வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மாமியார் ராக்கு பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாளாம். அத்தை துடித்துப் போனாள். பிரசவத்துக்கு முன்னாலேயே போய்விட வேண்டும் என்று கிளம்பிக்கொண்டிருந்தபோது, மருமகன் கற்கண்டோடு வந்து நின்றார். குறித்த நாளுக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது, பையன், பிறந்து நாலைந்து நாள் ஆகிறது. "எங்க ஆத்தா ராணி மாதிரி வச்சிருக்கு. கட்டிலை விட்டு இறங்க விடல" என்று சிரித்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்த நேரம் முழுக்க அவள் கடலைப் பார்க்கவே இல்லை, மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். அக்காள்மடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் உச்சி. ராக்கு வாசலுக்கு வந்து வாய் நிறைய வரவேற்றாள். உள்ளே ஜன்னல் அடைத்த அறை, வெள்ளைத் துணி விரித்த கட்டில். முருகேஸ்வரி வயிற்றில் வேட்டிக் கட்டோடு, காலைப் பின்னிப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. முகம் நிறையச் சந்தோஷம்.

"வந்தியா ஆத்தா. பாத்தியா, எங்க அயித்தை எப்படித் தாங்குறாகன்னு."

அதே அறைதான், ஊர்தான் வேறு. நான் ஒன்றும் பேசாமல் போர்வையை விலக்கி அவளுடைய இரண்டு கால்களையும் பிரித்து, கெண்டைச் சதையையும் தொடையையும் அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை, வலி இல்லை, இரண்டும் ஒரே அளவு. அத்தையைத் திரும்பிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன்.

"எந்திரி ஆத்தா" என்றாள் அத்தை.

"மாட்டேன்."

"எந்திரிச்சு நட. தண்ணி குடி."

"மொதப் பிள்ளைக்குத்தான் வேலைக்காரி மாதிரி நடக்க விட்ட. இங்கனயும் வந்துட்டியா? அக்காமாரை இப்படி வச்சுத்தான பாத்த? காலைப் பிடிச்சுவிட்ட, பக்கத்துலயே கிடந்த. எனக்கு மட்டும் ஏந்த்தா இல்ல?"

ராக்கு இடையில் புகுந்தாள். "பச்சை ஒடம்புக்காரிய அழ விடாதீக சம்மந்தி. எம் மக மாதிரி பாத்துக்கிடுறேன்."

அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஆமா. இப்படித்தான் வச்சுப் பாத்தேன். மீனாவையும் லெச்சுமியையும் இப்படித்தான் படுக்க வச்சேன், இப்படித்தான் காலைப் பின்னி விட்டேன். தண்ணி தண்ணின்னு கேட்டாளுக, குடுக்கல. படுத்தே கிடந்ததுல காலுல ரத்தம் உறைஞ்சு போச்சு. அது நெஞ்சுல போயி அடைச்சுத்தான் ரெண்டு பேரும் செத்தாளுக. நம்ம ரத்தம் அப்படி. அது தெரியாம நாந்தான் தாங்கித் தாங்கிக் கொன்னேன். உன்னைய மட்டுந்தான் தாங்கல. அதான் நீ இருக்க."

ராக்கு வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள், தன் கையால் கட்டிய வயிற்றுக்கட்டை வெறித்துப் பார்த்தாள். முருகேஸ்வரி ஆத்தாளை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ஒங்க அய்யா ஆஸ்பத்திரில கிடந்ததுல இருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்னைய ஆத்தான்னு கூப்புடுவியா?"

முருகேஸ்வரி வயிற்றுக்கட்டின் முடிச்சைத் தானே அவிழ்க்கப் பார்த்தாள், அது விரலுக்கு வராமல் இழுத்துப் பிய்த்தாள். அத்தை தாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். ராக்குதான் பின்னாலேயே ஓடிச் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். முருகேஸ்வரி நின்றபடியே குடித்தாள். இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தாள். பிறகு தென்னைகளுக்கு நடுவே அழுதுகொண்டே நடந்தாள்.

நாங்கள் இரண்டு நாள் அங்கே இருந்தோம். மகள் நடந்தாள், தண்ணீர் குடித்தாள், மாமியார் கையால் சாப்பிட்டாள். அத்தை சோறு போட்டு வைத்த தட்டு அப்படியே இருந்தது. அத்தையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, "போயிட்டு வாரேன்த்தா" என்று அத்தை சொன்னதற்கும் அவள் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயிலில் எனக்குத் தாங்கவில்லை. "அவளுக்கு என்ன அப்படி ஒரு கல்நெஞ்சு? ஒரு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சு போகும்?" என்று பொரிந்தேன்.

அத்தை ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"பேசாட்டிப் போறா" என்றாள். "நடக்குறாள்ல."